நனையாத மல்லாட்டை

அத்தியாயம் 6

"இந்தப் பூட்டை உடைச்சது திருடன் இல்லை" என்றாள் பிரபாவதி.

ஹமீது குனிந்து, தரையில் கிடந்த பூட்டைப் பார்த்தான். "அப்போ பூட்டு தானாவே தற்கொலை பண்ணிக்கிச்சா அக்கா?"

 பிரபாவதி திண்டிவனத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். பணம் கேட்டு வரும் மனுக்களில் சந்தேகம் எழுந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அவளைத்தான் அனுப்பும். ஹமீது கோட்டக்குப்பத்துக்காரன். துபாயில் எட்டு வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்து அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். அவன் கைகால்களுக்கு ஓய்வு உண்டு. வாய்க்குக் கிடையாது.

விழுப்புரத்திலிருந்து காணை போகும் சாலையை ஒட்டியிருந்தது அந்தச் சின்னத் தளம் போட்ட வீடு. வாசலின் இடது பக்கம் மாதா சிலை வைத்த கெபி. வலது பக்கம், தார்ப்பாயால் மூடிய ஒரு குவியல். நடுவில், கொண்டி பெயர்ந்து தொங்கும் கதவு. கதவுக்குப் பக்கத்தில் லூர்துமேரியும் அவள் கணவர் ராயப்பனும் நின்றிருந்தார்கள்.

முந்தாநாள் மாதா பிறந்தநாள் திருவிழா. குடும்பமே சொந்த ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தது. மாலையில் திரும்பி வந்தபோது அலமாரி திறந்து கிடந்தது. ஒரு செயின், நாலு வளையல், ஒரு ஜோடி கம்மல் காணவில்லை. ஐப்பசியில் கல்யாணம் ஆகப்போகும் மகள் இசைவாணிக்காக, கரும்பு வெட்டி, கரும்பு வெட்டி, லூர்துமேரி சேர்த்தவை. கரும்புச் சோகை கிழித்த கீறல்கள் அவள் முழங்கை வரைக்கும் இருந்தன. அந்தக் கைகளைப் பார்த்தபோதே பிரபாவதிக்கு மனம் இளகியது. ஆனால் கண் இளகவில்லை.

"கதவோட அடிப்பக்கத்தைப் பாரு ஹமீது. இன்னா தெரியுது?"

"சேறு தெறிச்சிருக்கு. முந்தாநாள் மத்தியானம் இங்க பேய் மழைன்னு சொன்னாங்களே."

"கீழே கிடக்கிற சிலாம்பைப் பாரு."

கொண்டி பெயர்ந்தபோது தெறித்த மரச் சிலாம்புகள் அப்படியே கிடந்தன. எதையும் தொடக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தது. ஹமீது ஒன்றைப் பேனா முனையால் புரட்டினான். அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. பச்சைக் குழந்தையின் பாதம் போலச் சுத்தமாக இருந்தது.

"மழை விட்டப்புறம் உடைச்சிருக்காங்க" என்றான் ஹமீது. குரலில் கிண்டல் குறைந்திருந்தது.

"மழை விட்டதும் இல்ல, தரைச் சேறு காய்ஞ்சப்புறம். அதுக்குள்ள நீங்க ஊர்ல இருந்து திரும்பிட்டீங்க. இங்க வந்து சேர்ந்தப்புறம்தான் இது உடைஞ்சிருக்கு." பிரபாவதி ராயப்பனின் முகத்தைப் பார்த்தாள். "இல்லீங்களா அண்ணே?"

ராயப்பன் பெரிய உடம்புக்காரர். அந்த உடம்பு நின்ற இடத்திலேயே சுருங்கியது.

"நான்தாங்க மேடம் உடைச்சேன்" என்றார். "கடப்பாரையால."

லூர்துமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தானே முன்னால் வந்தாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். நான்தான் உடைக்கச் சொன்னேன். ஆனா நகை பூடுச்சின்றது சத்தியம். நாங்க வந்தப்போ பூட்டு பூட்டினபடியேதான் இருந்துச்சு. சாவி வெச்ச எடத்துல இருந்துச்சு. தொறந்து உள்ள போனா அலமாரி காலி."

"சாவி எங்க வெச்சிருந்தீங்க?"

அவள் கெபியைக் காட்டினாள். "மாதா காலடியில. வீடு கட்டின நாள்லேர்ந்து அங்கதான் வெக்கிறது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும். அப்புறம் எதிர் வீட்டு செண்பகத்துக்கு. போலீஸ்லகூடச் சொன்னேன். நேத்து அவளைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க." அந்தப் பெயரைச் சொல்லும்போது லூர்துமேரியின் பார்வை தரைக்குப் போனது.

"பூட்டை உடைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"எங்களுக்கு எங்கங்க தோணும்? அந்தோணிசாமி அண்ணன்தான் சொன்னாரு. பாலிசி போட்டுக் குடுத்த ஏஜென்ட். எங்க பொண்ணுக்கு ஞானத்தகப்பன், இந்த வீட்டுல ஒருத்தரு மாதிரி. நாங்க உள்ள நின்னு அழுதுகினு இருக்கோம், அப்போ பார்த்து அவரே போன் பண்ணாரு. எங்க நல்லதுக்குத்தான் மேடம் சொன்னாரு."

"வார்த்தை மாறாம சொல்லுங்க. நீங்க இன்னா சொன்னீங்க, அவரு இன்னா சொன்னாரு?"

லூர்துமேரி கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டாள். "நான் 'அண்ணா, பாப்பா நகை பூடுச்சுண்ணா'ன்னேன். அதுக்கு மேல வார்த்தை வரல, அழுதுட்டேன். அவரு, 'அழாதம்மா. பூட்டு முழுசா இருக்குதே, அதான் பேஜாரு. பூட்டு உடையலன்னா கம்பெனிக்காரன் ஒத்தப் பைசா தரமாட்டான். ராயப்பனை விட்டு ஜல்தியா கொண்டியைப் பேத்துடு. அப்புறமா போலீசுக்குப் போங்க'ன்னு சொன்னாரு."

"திருவிழாவுக்கு அவர் வரலையா?"

"வர்றேன்னுதான் சொன்னாரு. திண்டிவனத்துல மழை புடிச்சிக்கிச்சாம். வெளிய வர முடியலைன்னாரு."

ஹமீது வாயைத் திறந்தான். பிரபாவதி ஒரு பார்வை பார்த்தாள். அவன் திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றி மூடினான்.

"பாலிசியை எடுத்துட்டு வாங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பாலிசியை லூர்துமேரி வேதப்புத்தகத்தைத் தருவது போல இரண்டு கைகளாலும் தந்தாள். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் பிரித்ததாகத் தெரியவில்லை.

"படிச்சதே இல்லையா?"

"அண்ணன் படிச்சிட்டாருன்னா நாங்க படிச்ச மாதிரிதானே மேடம்."

பிரபாவதி வாசற்படியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். "வீட்டுக் கொள்ளை பாலிசின்னா பொதுவா இதுதாம்மா கணக்கு. உடைச்சு உள்ள வந்து எடுத்தா காசு உண்டு. கதவு திறந்து கிடந்து எவனாவது எடுத்துட்டுப் போனா கிடையாது. சாவி போட்டுத் திறந்தாலும் கிடையாது. வீட்டு ஆளுங்களே எடுத்தா கிடையவே கிடையாது."

"அதைத்தானே அண்ணனும் சொன்னாரு" என்றாள் லூர்துமேரி, அவசரமாக.

"இன்னொண்ணும் இருக்கு. பணம் கேட்கிறவங்க ஒரு பொய் சொன்னாலும், அவங்க சொன்ன அத்தனை உண்மையும் செல்லாமப் போயிடும்."

"அப்போ நகையும் இல்ல, காசும் இல்லையா?" லூர்துமேரி கதவைப் பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை வீட்டுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

பிரபாவதி கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். அங்கே அவள் விரல் நின்றது. அந்த இரண்டு வரிகளை மறுபடியும் படித்தாள். பிறகு பாலிசியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, தார்ப்பாய்க் குவியலிடம் போனாள்.

"இது இன்னா?"

"மல்லாட்டைங்க" என்றார் ராயப்பன். "குத்தகை நெலத்துல போட்டது. விதைக்குன்னு நல்ல காயாப் பொறுக்கி வாசல்ல காய வெச்சிட்டுப் போனோம்."

தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி, ஒரு வேர்க்கடலைக் காயை எடுத்துக் காதருகே ஆட்டினாள். உள்ளே பருப்பு கலகலவென்று ஆடியது. ஈரமே படவில்லை.

"யாரு மூடினது?"

"செண்பகம் மூடியிருக்கும்னு நெனச்சேன்" என்றார் ராயப்பன்.

எதிர் வீட்டு வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்த செண்பகம் இதைக் கேட்டுவிட்டாள். "நானா? நான் அன்னிக்குத் திருவாமாத்தூர் கோயில்ல இருந்தேன். லூர்துவே மூடிட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். நான்தான் ஊரறிஞ்ச திருடியாச்சே, திருடி எதுக்கும்மா மல்லாட்டையை மூடப் போறா?" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு உள்ளே போய்விட்டாள்.

லூர்துமேரியின் முகம் சிவந்தது.

பிரபாவதி தார்ப்பாயைச் சுற்றி வந்தாள். வீட்டுக்காரர்கள் மூடினால் ஓரத்தில் செங்கல்லோ கல்லோ வைப்பார்கள். இங்கே ஒரு கல்லும் இல்லை. காயை நடுவில் கூம்பாகக் கூட்டி, தார்ப்பாயின் ஓரங்களை உள்பக்கமாக மடித்து, குவியலின் அடியிலேயே சொருகியிருந்தது. பெய்த மழையெல்லாம் வழிந்து ஓடியிருக்கிறது.

ராயப்பனும் அப்போதுதான் அதைக் கவனித்தார். "இது கமிட்டிக் கட்டு ஆச்சே!" என்றார். "மார்க்கெட் கமிட்டியில திடீர்னு மழை வந்தா நாங்க இப்படித்தான் மூடுவோம். மூட்டை தூக்கினவனுக்குத்தான் இது வரும்."

"நீங்க அங்க மூட்டை தூக்கினீங்களா?" ஹமீது பாய்ந்தான். "அக்கா, ஆளு கிடைச்சாச்சு. பூட்டை உடைச்சவரும் இவரே, மூடினவரும் இவரே!"

ராயப்பன் சட்டைக் காலரை இழுத்துக் காட்டினார். தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. "மழை கொட்டறப்போ நான் மாதா தேரைத் தோள்ல தூக்கிக்கினு நின்னேன் தம்பி. ஊரே பார்த்துச்சு."

"மன்னிச்சிடுங்க அண்ணே" என்றான் ஹமீது. "என் மூளையும் அப்படித்தான். அப்பப்போ பிரேக் பிடிக்காது."

பிரபாவதி தார்ப்பாயைப் பார்த்தபடியே நின்றாள். திருட வந்த ஒருவன். கையில் நகை. மேலே இருண்டு வரும் வானம். ஓட வேண்டிய நேரத்தில் அவன் நின்றிருக்கிறான். இன்னொருவன் வெயிலில் பாடுபட்டது வீணாகக் கூடாது என்று குனிந்து மூடியிருக்கிறான். கடவுள் மனிதனுக்குள் வைத்து அனுப்பிய இரக்கம், அவன் திருடப் போகும் இடத்துக்கும் கூடவே போய்விடுகிறது. அதை வீட்டில் விட்டுவிட்டு வர யாராலும் முடிவதில்லை.

"கிளம்புங்க" என்றாள். "திண்டிவனம் போகலாம். அந்தோணிசாமியைப் பார்க்கணும்."

"அண்ணன் நமக்காகப் பேசுவாரு" என்றாள் லூர்துமேரி நம்பிக்கையோடு. உள்ளே ஓடி ஒரு மஞ்சள் பை நிறைய மல்லாட்டையை அள்ளி வந்தாள். "வெறுங்கையோட போகக் கூடாது. அவருக்கு மல்லாட்டைன்னா உசுரு."

ஹமீதின் பழைய கார் நெடுஞ்சாலையில் ஏறியது. வழியெல்லாம் லூர்துமேரி பேசிக்கொண்டே வந்தாள். இசைவாணி பிறந்தபோது ரத்தம் கேட்டார்களாம். சொந்தக்காரர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, அந்தோணிசாமிதான் கையை நீட்டினாராம்.

"உங்களுக்கு எப்படி இவ்வளவு நெருக்கம்?" என்று கேட்டாள் பிரபாவதி, திரும்பாமலே.

"ரெண்டு பேரும் கமிட்டியில ஒண்ணா மூட்டை தூக்கினவங்க மேடம். அவரு பரீட்சை எழுதி ஏஜென்ட் ஆயிட்டாரு, இவரு மண்ணுக்குப் பூட்டாரு."

ராயப்பன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.  அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பிரபாவதிக்குத் தெரிந்தது. தெரிந்த ஒன்றை மனைவியிடம் சொல்ல மனம் வராமல் அவர் சாலையோரப் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அந்தோணிசாமியின் அலுவலகம். "நான் கூப்பிட்டதும் மேல வாங்க" என்று கணவனையும் மனைவியையும் கடை வாசலில் நிறுத்திவிட்டு, பிரபாவதியும் ஹமீதும் படியேறினார்கள்.

அந்தோணிசாமி வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்று கும்பிட்டார். முகத்தில் களைப்பு. பேச்சில் கனிவு. "வாங்கம்மா. லூர்து விஷயமா? பாவம், வாயில்லாப் பூச்சிங்க. நீங்கதான் கருணை காட்டணும்."

"காட்டாம இருப்பேனா? அதுக்கு முன்னால, ராயப்பன் அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு" என்றாள் பிரபாவதி. நாற்காலியை மெல்ல இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மல்லாட்டையை நேரத்துக்கு மூடினீங்களாம். ஒரு காய்கூட நனையல. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

அந்தோணிசாமியின் முகம் மலர்ந்தது. உண்மையான மலர்ச்சி. "இதுக்குப் போயி கும்புடறானா? வெதைக் காயிம்மா அது. ஒரு தூறல் பட்டாலும் முளைச்சு வீணாப் பூடும். அவன் எவ்ளோ பாடுபட்டு..."

பேச்சு அங்கேயே நின்றது.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வாய் மூடவில்லை. கண்கள் மட்டும் பிரபாவதியிடமிருந்து ஹமீதுக்கும், ஹமீதிடமிருந்து கதவுக்கும் போயின.

"திண்டிவனத்துல மழையில மாட்டிக்கினீங்களாமே?" என்றான் ஹமீது. "அன்னிக்கு என் லுங்கி இங்க மொட்டை மாடியில அப்பளமாக் காஞ்சுது. உங்க தலைக்கு மேல மட்டும் தனி மேகமா சார்?"

"நான்... நான் சும்மா பார்க்கத்தான்..."

"லூர்துமேரி அழுதுகினே சொன்னது 'நகை பூடுச்சு'ன்னு மட்டும்தான்" என்றாள் பிரபாவதி. "பூட்டு முழுசா இருக்குன்னு சொல்லல. நீங்களாவே சொன்னீங்க. பூட்டிட்டுப் போனவருக்குத்தானே அது தெரியும்?" பையிலிருந்து பாலிசியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். "இதை எழுதினதும் நீங்கதான். உடைக்காம நடக்கிற திருட்டுக்கும் பாதுகாப்பு உண்டுன்னு, தனிப் பிரீமியம் கட்ட வெச்சு, நீங்களே சேர்த்துக் குடுத்திருக்கீங்க. நல்ல ஏஜென்ட் செய்யற வேலை. அந்தப் பூட்டு உடையாம இருந்திருந்தா இவங்க கேட்டதுல ஒரு பழுதும் இருந்திருக்காது. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் உடைக்கச் சொன்னீங்க."

அந்தோணிசாமி தலை குனிந்துகொண்டார்.

"பூட்டு முழுசா இருந்தா, சாவி எங்க இருக்கும்னு தெரிஞ்சவன் யாருன்னு போலீஸ் கேக்கும். அதுக்கு பயந்து அவங்க வாயாலயே ஒரு பொய்யைச் சொல்ல வெச்சிட்டீங்க. நகையையும் எடுத்து, நகைக்கு இருந்த காவலையும் எடுத்துட்டீங்க."

"பையன் ஆன்லைன்ல ரம்மி ஆடிட்டாம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்து. "வீட்டு வாசல்ல வந்து கடன்காரங்க கத்தறாங்க. பூட்டு உடைஞ்சிருந்தா வெளியூர்த் திருடன்னு போலீஸ் எழுதிட்டுப் பூடும், காசும் லூர்துக்கு எப்படியாவது வந்துடும்னு நெனச்சேன். சத்தியமா..."

"அண்ணா."

மூவரும் திரும்பினார்கள். கூப்பிடும் வரை காத்திருக்க லூர்துமேரிக்குப் பொறுமை இல்லை. மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பின்னால் படியில் ராயப்பன்.

அவள் கத்தவில்லை. அழவுமில்லை. "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ மெழுகுத்திரி புடிச்ச கை அது. மாதா காலடியில கைய வெச்சு சாவி எடுக்கறப்போ நடுங்கவே இல்லையாண்ணா?"

 அந்தோணிசாமி சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். வளையலும் கம்மலும் இருந்தன. செயின் அடகுக் கடைக்குப் போயிருந்தது.

ராயப்பன் முன்னால் வந்து நண்பரின் முகத்தைப் பார்த்தார். அவர் கை ஓங்கும் என்று ஹமீது நகர்ந்து நின்றான். கை ஓங்கவில்லை. "நீ மல்லாட்டையை நனைய விட்டிருக்கலாம்டா" என்றார் ராயப்பன்.  "நனைய விட்டிருந்தா உன்னைத் திட்டிட்டு நிம்மதியாப் போயிருப்பேன்."

லூர்துமேரி மஞ்சள் பையை மேசையின் நடுவில் வைத்தாள். "மூடினதுக்குக் கூலி" என்றாள். "இனிமே நமக்குள்ள ஒண்ணும் இல்ல."

ஹமீது போலீசுக்குப் போன் செய்தான். அவர்கள் வரும்வரை அந்தோணிசாமி அந்தப் பையைத் தொடவே இல்லை. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் கார் நேராக விழுப்புரம் காவல் நிலையத்துக்குப் போனது. கொண்டியைத் தாங்களே பெயர்த்ததைக் கணவனும் மனைவியும் சொல்லி, எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனிக்கும் அதையே எழுதச் சொன்னாள் பிரபாவதி.

"செயினுக்காவது காசு குடுப்பாங்களா மேடம்?"

"நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. போலீஸ் மீட்டா செயினே வரும். நீங்களா முன்னால வந்து உண்மையைச் சொன்னீங்கன்னு நான் எழுதுவேன். அது மட்டும் என் கையில இருக்கு."

வீட்டு வாசலில் இறங்கும்போது ராயப்பனின் கையில், வழியில் வாங்கிய புதுப் பூட்டு இருந்தது. லூர்துமேரி அதன் சாவியை வாங்கிக்கொண்டு கெபியின் முன்னால் போய் நின்றாள். சிலையின் காலடியை வெகுநேரம் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் சாவியை அங்கே வைக்கவில்லை. தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனாள்.

"செண்பகம்."

செண்பகம் வெளியே வந்தாள். நீட்டிய கையில் சாவியைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள். "எங்கிட்டயா? நான்தான் திருடியாச்சே."

"அதனாலதான் குடுக்கிறேன்" என்றாள் லூர்துமேரி. கண்ணீர் அப்போதுதான் வந்தது. "போலீசே விசாரிச்சு நல்லவள்னு சொல்லி அனுப்பினது, இந்த ஊருலயே உன்னை ஒருத்தியைத்தான்."

செண்பகம் அவளை முறைத்தாள். பிறகு சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "வந்து ஒரு வாய் காப்பி குடி. மூஞ்சியைப் பாரு, நனைஞ்ச மல்லாட்டை மாதிரி" என்று உள்ளே போனாள்.